சலுகை அவர்களுக்கு, கடமை நமக்கு

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்பாளனுமாகிய அல்லாஹ்வின் திருநாமத்தால் துவங்குகிறோம். புகழ் யாவும் அவனுக்கே உரித்தாகுக. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

 

இன்றைய கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டது. பள்ளிவாசல் விரிவாக்கத்திற்கான வரைபடமும் அனைவரின் பார்வைக்கும் வைக்கப்பட்டுள்ளது. மினாராவின் உயரம் எவ்வளவு, முகப்பில் எந்தக் கல்லைப் பதிப்பது, இன்னும் எத்தனை பேர் தொழ இடம் கிடைக்கும் என்றெல்லாம் நம் சகோதரர்கள் ஆர்வத்தோடு விசாரிப்பதைக் கேட்டு மகிழ்ந்தோம். இவை யாவும் கேட்கப்பட வேண்டிய கேள்விகளே. வரைபடம் இறுதி செய்யப்படுமுன், அவற்றோடு வேறு மூன்று கேள்விகளையும் இச்சபையின் முன் வைக்க விழைகிறோம்.

நடக்க இயலாத ஒரு சகோதரர், எவரும் தம்மைத் தூக்கிச் செல்லாமலே, தெருவிலிருந்து முன் ஸஃப்பு வரை வந்து சேர இந்தக் கட்டடத்தில் வழி இருக்குமா? பார்வையற்ற ஒருவர் தாமாகவே ஒளூச் செய்து தம் இடத்திற்குத் திரும்பி வர இயலுமா? காது கேளாத ஒருவர் ஜும்ஆ நாளில் இங்கு வந்து அமர்ந்தால், என்ன பேசப்பட்டது என்பதை அறிந்தவராக வீடு திரும்புவாரா?

வாசலிலும் ஸஃப்பிலும்

ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் வெளிவரும் வேளையில் பள்ளிவாசல்களின் வாயிலைக் கவனித்தால், கால் இழந்தோரும் பார்வையற்றோரும் அங்கே அமர்ந்திருப்பதைக் காணலாம். மக்கள் ஸதகா கொடுத்துச் செல்கின்றனர். அது நன்மையான காரியமே. ஆயினும் இங்கே சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. வாசலில் கரம் நீட்டுவோராக நாம் காணும் இவர்களை, உள்ளே ஸஃப்பில் நம் தோளோடு தோள் சேர்ந்து நிற்போராக எத்தனை முறை காண்கிறோம்?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். நூற்றுக்கு இருவருக்கும் சற்று மேற்பட்ட அளவு இது. இந்தச் சராசரியைக் கொண்டு நோக்கினால் ஆயிரம் பேர் உள்ள ஒரு மஹல்லாவில் இருபது பேருக்குக் குறையாமல் இருப்பர். முழங்கால் வலியால் படியேற இயலாத முதியோர் இக்கணக்கில் சேரமாட்டார்கள். அவர்களையும் சேர்த்தால் ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருப்பார். இவர்கள் வேற்றூரார் அல்லர். நம் ஜமாஅத்தின் பதிவேட்டில் பெயருள்ளவர்கள். நம் வீடுகளில் வாழ்பவர்கள். பலரும் பாங்கோசையை வீட்டிலிருந்தே கேட்டு, வீட்டிலேயே தொழுதுகொள்கின்றனர்.

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு பதில் எழுவதுண்டு. மார்க்கம் அவர்களுக்குச் சலுகை தந்துள்ளதே, இயலாதவர் வீட்டில் தொழுதால் குற்றமில்லையே என்பதே அப்பதில். இப்பதிலை நன்கு ஆராய்ந்து பார்ப்பது நம் கடமையாகும்.

சலுகை யாருக்கு?

ருக்ஸத் எனப்படும் சலுகை மார்க்கத்தில் உண்டு என்பதில் ஐயமில்லை. மூலநோயால் துன்புற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் தொழுகை பற்றி வினவியபோது, நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் படுத்தும் தொழுமாறும் நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். இச்செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. நோயாளியும், வழிகாட்ட ஆளில்லாத பார்வையற்றவரும் ஜமாஅத்துத் தொழுகைக்கு வராதிருக்க அனுமதி உண்டென்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. அடியார்கள் மீது அல்லாஹ் கொண்ட கருணை இது.

ஆனால் இச்சலுகை எவருக்கு அருளப்பட்டது? இயலாமையால் துன்புறும் அடியாருக்கு அருளப்பட்டது. அதைப் பயன்படுத்துவதா, சிரமம் தாங்கிப் பள்ளிக்கு வருவதா என்று தீர்மானிக்கும் உரிமை அவருடையது. அவருக்காக வழியமைக்க வேண்டிய ஜமாஅத்துக்கு அச்சலுகை அருளப்படவில்லை. பயணிக்கு நோன்பை விட அனுமதி உண்டு என்பதற்காக, அவர் நோன்பு நோற்க விரும்பும்போது ஸஹர் உணவு தரமாட்டோம் என்று எவரும் கூறுவதில்லை. அவ்வாறே, வராமலிருக்க அவருக்கு அனுமதி உண்டு என்பது, வரமுடியாதபடி நாம் கட்டுவதற்கு அனுமதியாகாது. இன்று நாம் சொல்ல வந்த செய்தியின் சாரம் இதுவே.

இரு தோழர்கள்

இதை விளக்க இரண்டு ஸஹாபாப் பெருமக்களின் வரலாறே போதுமானது.

இத்பான் பின் மாலிக் (ரலி) அவர்கள் பத்ருப் போரில் கலந்துகொண்ட அன்ஸாரித் தோழர். தம் கூட்டத்தாருக்கு இமாமாக நின்று தொழவைத்தவர். அவர்களுடைய பார்வை மங்கலாயிற்று. மழை பெய்தால் அவர்களது இல்லத்துக்கும் அக்கூட்டத்தாரின் பள்ளிக்கும் இடையிலுள்ள ஓடையில் வெள்ளம் ஓடும். கடந்து செல்ல இயலாது. எனவே நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தங்கள் இல்லத்தில் ஓரிடத்தில் தொழுதருளினால் அவ்விடத்தையே தொழுமிடமாக ஆக்கிக்கொள்வதாக வேண்டினார்கள். மறுநாள் வெயிலேறிய வேளையில் நபி (ஸல்) அவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களுடன் அந்த இல்லத்துக்குச் சென்றார்கள். அமருவதற்கு முன்பே, எந்த இடத்தில் தாம் தொழ வேண்டுமென விரும்புகிறார் என்று இத்பானிடமே கேட்டார்கள். அவர் காட்டிய இடத்தில் நின்று இரண்டு ரக்அத் தொழவைத்தார்கள்.

இத்பானுக்குச் சலுகை கிடைத்தது. ஆனால் அவர் தனித்து விடப்படவில்லை. அவரால் வர இயலாதபோது அவரை நோக்கி நபி (ஸல்) அவர்களே எழுந்து சென்றார்கள். அதிலும், இடத்தைத் தாமே முடிவு செய்யாமல் அவரையே கேட்டார்கள். உதவி செய்யப் புறப்படும் எவரும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒழுக்கம் இது.

மற்றொருவர் அப்துல்லாஹ் பின் உம்மி மக்தூம் (ரலி) அவர்கள். பார்வையற்றவர். குறைஷித் தலைவர்களோடு நபி (ஸல்) அவர்கள் உரையாடிக்கொண்டிருந்த வேளையில் மார்க்கம் கற்க வந்தவர். அவர் பொருட்டே 'அபஸ' அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின என்பதைத் தஃப்ஸீர்கள் கூறுகின்றன. நாடி வந்த பார்வையற்ற ஓர் அடியாரின் தகுதியைத் தன் ஹபீபுக்கே வல்ல அல்லாஹ் நினைவூட்டினான் என்றால், அத்தகையோரின் மதிப்பு எத்தகையது!

தம்மைப் பள்ளிக்கு அழைத்துவர ஆளில்லை என்று கூறி வீட்டில் தொழ அனுமதி கேட்டார் ஒரு பார்வையற்ற தோழர். முதலில் அனுமதி கிடைத்தது. அவர் திரும்பிச் செல்கையில், பாங்கோசை கேட்கிறதா என்று நபி (ஸல்) அவர்கள் வினவ, அவர் ஆமென்றார். அப்படியாயின் அதற்குப் பதிலளிக்க வேண்டும் என்று பணித்தார்கள். முஸ்லிம் ஷரீஃபில் உள்ள இச்செய்தியில் வருபவர் இப்னு உம்மி மக்தூம் என்பது அபூதாவூதின் அறிவிப்பால் விளங்குகிறது. ஜமாஅத்தின் முழு நன்மையும் வீட்டிலேயே கிடைக்குமா என்பதே அவருடைய கேள்வியின் கருத்து என்று உலமாக்கள் விளக்கமளித்துள்ளனர். எவ்வாறாயினும், அவர் வந்தார். வந்தவருக்கு என்ன இடம் கிடைத்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

அவர் பள்ளியின் மூலையில் அமர்த்தப்படவில்லை. மதீனா பள்ளியின் முஅத்தினாக நியமிக்கப்பட்டார். ரமளானில் பிலால் (ரலி) அவர்களின் பாங்கு இரவில் ஒலிக்கும். இப்னு உம்மி மக்தூமின் பாங்கு ஃபஜ்ருக்குரியது. பொழுது புலர்ந்ததை அவரால் காண இயலாது. அருகிலிருப்போர் விடிந்துவிட்டது என்று சொல்வார்கள். அவர் பாங்கு சொல்வார். பார்க்க இயலாது என்பதற்காகப் பொறுப்பு மறுக்கப்படவில்லை. பொறுப்பும் அளிக்கப்பட்டது, அதற்கு வேண்டிய துணையும் அளிக்கப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவை விட்டு வெளியே சென்ற வேளைகளில் மக்களுக்குத் தொழவைக்கும் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்ததாக அபூதாவூதில் அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு உள்ளது.

ஆகவே மாற்றுத்திறனாளியைப் பள்ளிக்குள் வரவிடுவது முதற்படி. அவரைப் பள்ளியின் பணிகளில் பங்காளியாக்குவது அடுத்த படி. நபிவழி இவ்விரண்டையும் சேர்த்தே காட்டுகிறது.

முன்னோர் கண்ட வழி

இவ்வழியில் நடந்த சமுதாயம் அதன் பயனையும் பெற்றது. மக்காவின் மாபெரும் முஃப்தியாகத் திகழ்ந்த தாபிஈ அதா பின் அபீ ரபாஹ் அவர்கள் காலில் ஊனமும் ஒரு கண்ணில் பார்வைக்குறையும் உடையவராக இருந்தார்கள். பஸராவின் கதாதா அவர்கள் பிறவியிலேயே பார்வையற்றவர்கள். தஃப்ஸீரிலும் ஹதீஸிலும் அவர்களது பெயர் இல்லாத பெருநூல் அரிது. ஹிஜ்ரி 590இல் மறைந்த இமாம் ஷாத்திபி அவர்களும் பார்வையற்றவர்களே. கிராஅத் கலையில் அவர்கள் யாத்த செய்யுள் நூலை மதரஸாக்கள் இன்றளவும் ஓதிக்கொடுக்கின்றன. அன்றைய பள்ளிவாசல்களின் கதவு இவர்களுக்கு அடைபட்டிருந்தால் இழப்பு யாருக்கு?

ஹிஜ்ரி 86 முதல் 96 வரை ஆண்ட உமையாக் கலீஃபா வலீத் பின் அப்துல் மலிக், நடக்க இயலாதோருக்குப் பணியாளரையும் பார்வையற்றோருக்கு வழிகாட்டிகளையும் அமர்த்தியதாக வரலாற்றாசிரியர் தபரீ குறிப்பிடுகிறார். டமாஸ்கஸின் புகழ்பெற்ற பெரிய பள்ளிவாசலைக் கட்டியவரும் அதே வலீத் தான். பள்ளியைக் கட்டுவதும், பள்ளிக்கு வருவோருக்கு வழி செய்வதும் ஒரே ஆட்சியில் நிகழ்ந்தன.

வேதக்காரர்களின் அனுபவம்

பிற சமயத்தாரும் இதே கேள்வியைச் சந்தித்துள்ளனர். அவர்களுள் யூதர்களின் அனுபவம் நமக்குப் பெரிதும் பொருந்தி வருகிறது. கொள்கையில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. எனினும் பயனுள்ள பாடம் எங்கிருப்பினும் எடுத்துக்கொள்வது முஃமின்களின் வழக்கமாகும்.

அமெரிக்காவில் 1990 ஜூலை 26 அன்று மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைச் சட்டம் கையொப்பமாயிற்று. கடைகளும் உணவகங்களும் திரையரங்குகளும் தடையற்ற வழி அமைக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. ஆனால் சமய நிறுவனங்களுக்கும் வழிபாட்டுத் தலங்களுக்கும் அதிலிருந்து விலக்கு அளித்தது. சினகாக் எனப்படும் யூதர்களின் ஜெப ஆலயங்களுக்கும் அவ்விலக்கு உண்டு. விலக்கு இருக்கிறது என்று அமைதியாக இருந்திருக்கலாம். ஆயினும் அவ்விலக்கைச் சாக்காகக் கொள்ளாமல் தாமாகவே வழியமைக்க முன்வந்த சபைகள் பல.

அங்கே தவ்ராத் சுருளை வாசிக்கும் மேடைக்கு 'பீமா' என்று பெயர். வாசிப்புக்கு ஒருவரை அழைப்பதை 'அலியா', அதாவது ஏறிச் செல்லுதல் என்பர். அந்தப் பெயரிலேயே படியேறுதல் உள்ளது. படியேற இயலாதவர் அந்தக் கண்ணியத்தை எவ்வாறு பெறுவது? சில சபைகள் மேடைக்குச் சாய்தளம் அமைத்தன. வேறு சில, வாசிக்கும் மேசையையே தரைக்கு இறக்கி அனைவரும் ஒரே தளத்தில் நிற்கும்படி செய்தன. சனிக்கிழமை ஓய்வு நாளில் மின்பொத்தானை அழுத்துவது கூடாது என்று கருதும் வைதீகப் பிரிவினரும் இதற்கு வழி கண்டனர். எவரும் பொத்தானை அழுத்தாமலே ஒவ்வொரு தளத்திலும் தானாக நின்று செல்லும் லிஃப்டை அவர்கள் பயன்படுத்துகின்றனர். சட்டத்தையும் விடவில்லை, முதியவரையும் விடவில்லை.

சட்ட ஆய்வும் அவர்களிடையே நடந்தது. சுருளைப் பார்த்தே வாசிக்க வேண்டும், மனனமாக ஓதலாகாது என்பது அவர்களது விதி. எனவே பார்வையற்றவரை வாசிப்புக்கு அழைக்கலாமா என்ற வினா எழுந்தது. 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோவ் நகரில் வாழ்ந்த மோசே இஸர்லெஸ் என்னும் அறிஞர், தம் காலத்தில் பார்வையற்றவரையும் அழைக்கும் வழக்கம் இருப்பதைச் சட்டநூலின் குறிப்பில் பதிவு செய்தார். 1931இல் நியூயார்க்கில் யூதர்களுக்கான பிரெயில் நிறுவனம் உருவாகிப் பிரெயில் நூல்களை வழங்கியது. காது கேளாத யூதர்கள் 1960இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தமக்கென ஒரு ஜெப ஆலயத்தை நிறுவினர். காது கேளாத, பேச இயலாத ஒருவரைப் புரிந்துகொள்ளும் ஆற்றலற்றோரின் வரிசையில் வைத்தே அவர்களுடைய பழைய நூல்கள் பேசின. கூட்டு வழிபாட்டுக்குத் தேவையான பத்துப் பேரில் ஒருவராக அவரைக் கொள்ளலாமா என்பது நெடுநாள் வினா. சைகை மொழியால் கருத்தை உணர்த்துவோர் முழுத்தகுதி உடையவரே, பத்துப் பேரில் ஒருவராக அவர் கணக்கிடப்படுவார் என்று அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் பிரிவினரது சட்டக்குழு 2011இல் தீர்ப்பளித்தது. ஏனைய பிரிவினர் அனைவரும் அத்தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்றாலும், அந்த வினா ஏட்டிலேயே உறங்காமல் எடுத்து ஆராயப்பட்டது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? விலக்கு இருந்தும் அதில் ஒதுங்காதவர்களே வழி கண்டார்கள். நமக்கோ அந்த விலக்கும் இல்லை. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடம் என்பதற்கு வரையறை கூறும்போது, சமயக் காரியங்களுக்காகப் பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடங்களையும் சேர்த்தே கூறுகிறது. கட்டடங்கள் தடையற்றவையாக இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. மார்க்கமும் வலியுறுத்துகிறது, நாட்டின் சட்டமும் வலியுறுத்துகிறது என்றான பிறகு நாம் தயங்க என்ன இருக்கிறது?

நடைமுறையில் செய்ய வேண்டியவை

இனி வரைபடத்திற்கு வருவோம். புதிய தொழுகைக் கூடத்தின் தளம் தெருவிலிருந்து மூன்றடி உயரத்தில் அமைகிறது. ஆறு படிகள் காட்டப்பட்டுள்ளன. சாய்தளத்திற்கு ஓர் அளவு உண்டு. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பதே பொறியாளர்கள் பின்பற்றும் விகிதம். மூன்றடிக்கு முப்பத்தாறு அடி. நடுவில் இளைப்பாற ஒரு சமதளமும், இருபுறமும் கைப்பிடிக் கம்பியும் தேவை. நேராக அவ்வளவு இடமில்லாவிடில் மடித்துத் திருப்பிக் கட்டலாம். மோட்டார் சைக்கிளை ஏற்றுவதற்குப் போடுவது போன்ற செங்குத்தான சிமெண்டுச் சரிவு இதற்குப் பயன்படாது. சக்கர நாற்காலியில் வருபவர் அதில் தாமாக ஏற இயலாது. இறங்கும்போது ஆபத்தும் உண்டு. அத்துடன், சாய்தளம் முதன்மை வாயிலிலேயே அமைய வேண்டும். அனைவரும் முன்வாசலால் வர, இவர்கள் மட்டும் கழிவறைப் பக்கத்து வாசலால் வருவது கண்ணியமாகாது.

ஹவுளில் இறங்கி ஒளூச் செய்வது முதியோருக்குக் கடினம். ஈரத்தில் வழுக்கவும் செய்யும். தளத்தோடு சமமாக, அமர்ந்து செய்யத்தக்க உயரத்தில் சில குழாய்களும், பிடித்துக்கொள்ளக் கம்பியும், சொரசொரப்பான தரையும் வேண்டும். கழிவறைகளில் ஒன்றேனும் மூன்றடி அகலக் கதவும், உட்காரும் பீங்கானும், சக்கர நாற்காலி திரும்ப ஐந்தடி இடமும் உடையதாக இருத்தல் அவசியம். பெண்கள் தொழும் பகுதிக்கும், மதரஸா வகுப்பறைக்கும், நிக்காஹ் மண்டபத்துக்கும் இதே கவனம் தேவை. மக்தப் வகுப்பு மாடியில் மட்டுமே இருந்தால், காலில் குறையுள்ள குழந்தைக்குக் குர்ஆன் ஓதும் வாய்ப்பு ஒரு மாடிப்படியால் நின்றுபோகும்.

சக்கர நாற்காலியால் பள்ளி அசுத்தமாகாதா என்று சிலர் ஐயுறுவர். உடல்நலம் குன்றியிருந்த அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களை, மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்தவாறே தவாஃப் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அன்றைய வாகனம் ஒட்டகம். இன்றும் ஹரம் ஷரீஃபில் சக்கர நாற்காலியில் தவாஃப் செய்வோருக்கெனத் தளம் உண்டு என்பதை ஹாஜிமார்கள் அறிவார்கள். சக்கரத்தில் நஜீஸ் பட்டிருந்தால் துடைத்துக் கழுவ வேண்டும்; அதற்கு வாயிலில் தண்ணீரும் துணியும் வைத்தால் போதும். காய்ந்த சக்கரம் காய்ந்த தரையில் உருளுவதால் தரை நஜீஸாகிவிடாது.

நாற்காலியில் தொழுவோரைக் கடைசி மூலைக்கு அனுப்ப வேண்டியதில்லை. தொழுகை முழுவதும் அமர்ந்தே தொழுபவருடைய நாற்காலியின் பின்கால்கள் ஸஃப்பில் நிற்போரின் குதிகாலுக்கு நேராக இருந்தால் பின்வரிசைக்கும் இடையூறு நேராது. பார்வையற்றோர் பொருட்டுச் செருப்புகளை நடைவழியில் விடாமல் அடுக்கில் வைப்பதும், வாளிகளையும் நாற்காலிகளையும் நினைத்த இடத்தில் போடாதிருப்பதும் செலவில்லாத உதவிகளாகும். காது கேளாதோர் பொருட்டு, ஜும்ஆ பயானின் சாரத்தை ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே கொடுக்கலாம். கரும்பலகையில் எழுதியும் வைக்கலாம். இப்பணியை நாம் இன்ஷா அல்லாஹ் நம் பொறுப்பிலேயே ஏற்றுக்கொள்கிறோம். நம் இளைஞர்களில் இருவர் சைகை மொழி கற்க முன்வந்தால், பயானையே அவர்களுக்கு எடுத்துரைக்க வழி பிறக்கும்.

மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளைப் பற்றியும் கூறியாக வேண்டும். அப்பிள்ளை சற்றுச் சத்தமிட்டால் பலரும் திரும்பிப் பார்க்கின்றனர். தந்தை தலைகுனிந்து எழுந்து செல்கிறார். மறுவாரம் அவரும் வருவதில்லை. தொழுகையில் குழந்தையின் அழுகுரல் கேட்டால் நபி (ஸல்) அவர்கள் தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கினார்கள்; குழந்தையைக் கொண்டுவந்த தாயைக் கடியவில்லை. அறிவில் சிறிது குறையிருந்த ஒரு பெண்மணி தமக்கொரு தேவை உண்டென்று வந்தபோது, எந்தத் தெருவை அவர் விரும்புகிறாரோ அங்கே வந்து கேட்பதாகக் கூறி, அவர் சொல்லி முடிக்கும்வரை உடனிருந்தார்கள். இமாமாக நிற்போருக்கும் ஓர் அறிவுரை உண்டு. பின்னால் பலவீனரும் நோயாளியும் முதியவரும் இருப்பர் என்பதால் தொழுகையை இலகுவாக்க வேண்டும் என்பது நபிமொழியின் கருத்து. அது முதலில் நமக்கே உரியது.

உதவியிலும் ஒழுக்கம் உண்டு. கேட்காமலே பார்வையற்றவரின் கையைப் பற்றி இழுப்பதும், சக்கர நாற்காலியைத் தள்ளுவதும் நல்லெண்ணத்தில் செய்தாலும் அவரைத் துன்புறுத்தும். ஸலாம் சொல்லி, பெயர் சொல்லி, உதவி தேவையா என்று கேட்டுச் செய்வதே முறை. அவர் வேண்டாமென்றால் விட்டுவிட வேண்டும். 'அந்நூர்' அத்தியாயத்தின் 61ஆம் வசனம் பார்வையற்றவர், முடவர், நோயாளி ஆகியோர் மீது குற்றமில்லை என்று தொடங்கிச் சேர்ந்து உண்பதைப் பற்றிப் பேசுகிறது. இவர்களோடு ஒரே தட்டில் உண்ண மக்கள் தயங்கியதை நீக்கவே அது இறங்கியது என்பது விரிவுரையாளர்கள் கூறும் கருத்துகளுள் ஒன்று. வலீமா விருந்திலும் நோன்பு திறக்கும் பந்தியிலும் அவர்களுக்குத் தனிப்பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பாமல், பக்கத்தில் அமர்த்தி உண்பதே அவ்வசனத்தின் வழி நடப்பதாகும்.

சபையின் முன் நம் வேண்டுகோள்

இச்சபையிடம் நாம் வேண்டுவன நான்கு. ஒன்று, நிர்வாகக் கமிட்டியினர் வீடு வீடாகச் சென்று, பள்ளிக்கு வர இயலாதோர் யார், எதனால் இயலவில்லை என்பதைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். பெண்கள் விஷயத்தில் நம் சகோதரிகள் இப்பணியை ஏற்கலாம். இரண்டு, வரைபடத்திற்கு ஒப்புதல் வழங்குமுன், சக்கர நாற்காலியில் வாழும் ஒருவரையும் பார்வையற்ற ஒருவரையும் பொறியாளரோடு அமர்த்தி, அவர்களது கருத்தைக் கேட்க வேண்டும். எந்த இடத்தில் தொழ வேண்டும் என்று இத்பானிடமே கேட்ட நபி (ஸல்) அவர்களின் முன்மாதிரி அது. மூன்று, அடுத்த கமிட்டித் தேர்வில் தகுதியுள்ள மாற்றுத்திறனாளி ஒருவருக்கேனும் பொறுப்பு வழங்க வேண்டும். பாங்கு சொல்வதற்கும், கணக்கு எழுதுவதற்கும், ஓதிக்கொடுப்பதற்கும் வல்லவர்கள் அவர்களுள் உண்டு. நான்கு, சாய்தளம், கழிவறை, ஒளூச் செய்யுமிடம் ஆகியவற்றுக்கான தொகையை மதிப்பீட்டில் முதலிலேயே ஒதுக்க வேண்டும்.

பணம் போதாதே என்று கவலை எழலாம். போதாவிடில் எதைத் தள்ளிப்போடுவது என்பதே வினா. மினாரா ஓராண்டு தாமதமானால் எவருடைய தொழுகையும் குறைந்துவிடாது. சாய்தளம் ஓராண்டு தாமதமானால் நம் சகோதரர் ஒருவரின் ஐம்பத்திரண்டு ஜும்ஆக்கள் போய்விடும். அவருடைய ஆயுளில் எத்தனை ஜும்ஆக்கள் எஞ்சியுள்ளன என்பதை அல்லாஹ்வே அறிவான். கட்டும்போதே சேர்த்துக் கட்டினால் ஆகும் செலவு, கட்டியபின் இடித்துச் செய்வதை விடக் குறைவு என்பதையும் பொறியாளர்களிடம் கேட்டுத் தெளியலாம்.

இது பிறருக்கு நாம் செய்யும் தர்மம் என்றும் எண்ண வேண்டாம். இன்று உறுதியாக நிற்கும் கால்கள் என்றும் அவ்வாறே இருக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. முதுமை எவரையும் விட்டுவைப்பதில்லை. இன்று நாம் அமைக்கும் கைப்பிடிக் கம்பியை நாளை நம் கைகளே பற்றக்கூடும்.

யா அல்லாஹ்! உன் இல்லத்தை நாடுவோர் எவருக்கும் அதன் வாசல் தடையாகாதபடி அமைக்கும் நற்பேற்றை இந்த ஜமாஅத்துக்கு அருள்வாயாக! நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவையும், சோதனைக்குள்ளானோருக்கு அழகிய பொறுமையையும், அவர்களைப் பராமரிப்போருக்கு நிறைந்த நற்கூலியையும் தருவாயாக! எங்கள் ஸஃப்புகளில் எவரும் விடுபடாமல் எங்களை ஒன்று சேர்த்து, மறுமையிலும் உன் அருளின் நிழலில் ஒன்று சேர்ப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.